டேப்பையும் கணினியையும் சேர்த்து ஓட்டும்போது நாம் விடும் பிழைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில், நாடாவில் நாலு ஒலிகளைத் தனித்தனியே பதியும் நாலு ட்ராக் கசெட் ரெக்கோடரையும் கணினியையும் ஒன்றாக ஓட்டித்தான் பாட்டுப் பதிகிறேன். பழைய மெசின் ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: பல்லவி சரியாகத்தான் இருக்கிறது, இரண்டாவது சரணத்துக்குள் மிருதங்கம் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போய்விடுகிறதே, ஏன்?

இரண்டிலும் ஒரே நேரத்தில் பிளே அழுத்தினால் போதும் என்று நினைப்பதுதான் முதல் பிழை. நாடாவை இழுப்பது ஒரு மோட்டரும் ஒரு ரப்பர் உருளையும். சூடு ஏற ஏற, ஒரு பக்கச் சுருள் பெருத்து மற்றது சிறுக்க, வேகம் மிக நுண்ணியதாக மாறிக்கொண்டே இருக்கும். 0.1 சதவீதம் மாறினாலே நாலு நிமிடப் பாட்டின் முடிவில் 240 மில்லி செக்கன் விலகிவிடும். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை, அரை நிமிடத்திலேயே 30 மில்லி செக்கன் ஆகிவிடும், அப்போதே ஒரு தட்டு இரண்டு தட்டாகக் கேட்கத் தொடங்கும். எவ்வளவு கவனமாக விரலை வைத்தாலும் தொடக்கத்தை மட்டும்தான் சேர்க்கலாம், ஓட்டத்தைச் சேர்க்க முடியாது.

அப்புறம், யார் முன்னால் போவது என்பதில் குழப்பம். மென்பொருளில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே, கணினி தலைமை தாங்கட்டும் என்று பலர் விடுகிறார்கள். சாதாரண வீட்டு மெசினுக்குத் தன் வேகத்தைத் திருத்திக்கொண்டு இன்னொன்றைப் பின்தொடரத் தெரியாது, அதற்குத் தனிப் பெட்டி வேண்டும், அந்தப் பெட்டியின் சொல்லைக் கேட்கும் மெசினும் வேண்டும். ஆகவே நாடா முன்னால் போகட்டும், கணினி பின்னால் வரட்டும். நாடாவின் ஒரு ட்ராக்கில் சிம்ப்டி டைம்கோட் என்ற ஒலியைப் பதிந்து வைத்தால், ஒவ்வொரு கணமும் அது எத்தனையாவது செக்கன், அந்தச் செக்கனைப் பிரித்த சிறு பங்குகளில் எத்தனையாவது ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டே ஓடும். காதுக்கு அது வண்டு இரைவதுபோல இருக்கும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் அந்த ஒலியை ஓடியோ இன்புட் வழியாகவே வாசித்துப் பின்தொடரும், பிளே பட்டனில் ரைட் கிளிக் செய்தால் அமைப்பு வரும். டைம்கோட்டை உருவாக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது.

இந்தக் கோட்டை நாடாவில் அடிக்கும் இடத்தில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. ஓரத்து ட்ராக்கில், அதாவது நாலாவதில் அடியுங்கள். நடுவில் அடித்தால் இரைச்சல் இரண்டு பக்கமும் கசியும். மூன்றாவதில் குரலையோ வீணையையோ வைக்காதீர்கள், பேஸ் போன்ற ஒன்று அங்கே இருக்கலாம், முடிந்தால் வெறுமையாக விடுங்கள். நாடா இரைச்சலைக் குறைக்கும் டிபிஎக்ஸ், டொல்பி எதுவானாலும் கோட் இருக்கும் ட்ராக்கில் நிறுத்த வேண்டும். நாங்கள் இரைச்சல் என்று நினைக்கும் அதே கூர்மைதான் கோட்டுக்கு உயிர், அது நசுங்கினால் கணினி எதையும் வாசிக்காது. போர்ட்டாஸ்டூடியோ எனப்படும் இந்த நாலு ட்ராக் மெசின்கள் சிலவற்றில் அந்த ஒரு ட்ராக்குக்கு மட்டும் அதை அணைக்க ‘சிங்க்’ என்று ஒரு நிலையே இருக்கும். ஒலியை மாற்றும் ஈக்யூ, எதிரொலி சேர்க்கும் ரிவேர்ப் எதன் வழியாகவும் கோட்டை அனுப்பக் கூடாது. சத்தத்தை மீட்டரில் −10க்கும் −5க்கும் இடையில் வைத்துத் தொடங்குங்கள். கூட்டினால் கசிவு, குறைத்தால் நடுநடுவே கோட் விட்டுப்போகும்.

இன்னொன்று, பாட்டு தொடங்கும் இடத்திலிருந்து கோட் அடிப்பது. கணினி கோட்டைப் பிடித்துக்கொள்ளச் சில செக்கன் எடுக்கும், அதனால் பாட்டுக்கு 20, 30 செக்கன் முன்னாலேயே தொடங்குங்கள். பூச்சியத்திலிருந்து எண்ணவும் வேண்டாம், பாட்டின் முதல் அடி டைம்கோட்டில் 1 மணி என்று காட்டும் இடத்தில் விழும்படி வைத்தால் முன்னே போவதற்கும் இடம் இருக்கும். முழு நீளத்தையும் ஒரே மூச்சில் அடியுங்கள். ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய 2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். இடையில் கரண்ட் போனால் விட்ட இடத்தில் ஒட்ட முயலாமல் முதலிலிருந்து அடிப்பதுதான் சரி. ஃபிரேம் கணக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், எங்களுக்குச் செக்கனுக்கு 25 போதும். ஒரு பக்கம் 30, மறுபக்கம் 29.97 என்று இருந்தால் மேலே சொன்ன அதே 0.1 சதவீதம் வந்து நிற்கும்.

கரண்ட் பற்றிச் சொல்லும்போது ஒரு விசயம். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பெரிய ரீல் மெசின்களில் சிலவற்றின் மோட்டர், மின்சாரத்தின் ஹேர்ட்ஸை வைத்தே சுழலும். அமெரிக்க மெசின் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது, இங்கே 50. டிரான்ஸ்ஃபோமர் 230 வோல்ட்டை 110 ஆக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. நாடா ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் கொஞ்சம் கூடவே இறங்கும். ஜெனரேட்டரில் ஓட்டினால் லோட் மாற மாற வேகமும் மாறும். இதை மென்பொருளில் தேடித் திருத்த முடியாது.

கணினியை டைம்கோட்டோடு சேர்த்துப் பூட்டிய பிறகும் விலகுகிறது என்பவர்களும் உண்டு. டைம்கோட் இடத்தைத்தான் சொல்கிறது, கணினியின் ஒலி ஓடும் வேகத்தை ஒலியைக் கணினிக்குள் எடுக்கும் பெட்டியான ஓடியோ இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் கிரிஸ்டல்தான் தீர்மானிக்கிறது. மென்பொருள் கோட்டைப் பார்த்துச் சரியான இடத்தில் தொடங்கிவிட்டு, பிறகு தன் பாட்டில் ஓடினால் விலகும். தொடர்ந்து பின்தொடரும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒலியாகப் பதியாமல், வாசிக்க வேண்டிய சுரங்களைக் கட்டளையாக வைத்திருக்கும் மிடி டிரம்ஸ், கீபோட் என்றால் நாடாவோடு வளைந்து கொடுத்து வரும், சிக்கல் பெரும்பாலும் பதிந்த ஒலியில்தான். எனக்குப் பிடித்த வழி, நாடாவில் பதிய வேண்டியதையெல்லாம் முடித்துவிட்டு, கணினி பின்தொடரும்போதே எல்லா ட்ராக்கையும் ஒரே ஓட்டத்தில் உள்ளே எடுத்து, அதன் பிறகு நாடாவை நிறுத்திவிடுவது.

ஏற்கெனவே பாட்டுப் பதிந்த பழைய நாடாவாக இருந்தால் கோட் அடிக்க நினைக்கவே வேண்டாம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அண்ணா கொண்டுவந்த கசெட்டில் நாலாவது ட்ராக் வெறுமை என்று நினைத்து நான் கோட் அடிக்கத் தொடங்கினேன். இருபது செக்கன் போயிருக்கும். “தம்பி, நிப்பாட்டுங்கோ, அதிலதான் எங்கட அக்கா பாடினவ” என்றார். அந்த இருபது செக்கனை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இப்போது எந்தக் கசெட் வந்தாலும் மேல் விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு இரண்டையும், மேலே பதிய முடியாதபடி, முதலில் உடைத்துவிட்டுத்தான் மெசினில் போடுகிறேன், நாலு ட்ராக்கையும் கடைசி வரை கேட்கிறேன். நாலையும் ஒரே நேரத்தில் எடுக்க நாலு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும், இரவல் வாங்கியாவது எடுங்கள். இரண்டு இரண்டாக எடுத்தால் இரண்டு ஓட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, பிறகு அலைவடிவத்தைப் பார்த்து வரிக்கு வரி இழுத்துப் பொருத்த வேண்டிவரும்.

வேலை முடிந்ததும் கசெட் பெட்டியில் பேனாவால் எழுதி வையுங்கள்: கோட் எந்த ட்ராக்கில், எத்தனை ஃபிரேம், பாட்டு எந்த நேரத்தில் தொடங்குகிறது, நாடாவின் வேகம், டிபிஎக்ஸ் எந்தெந்த ட்ராக்கில்.