கட்டட இடிபாட்டை வீணாக்கும் தவறுகள்

சேலத்தின் அம்மாப்பேட்டை, குகை பகுதிகளில் பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டப் போகிறவர்கள், இடிப்பவரிடம் முதலில் கேட்பது இடம் எத்தனை நாளில் காலியாகும் என்பதுதான். ஜேசிபி வந்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் செங்கல், காரை, கான்கிரீட், மரம், ஜிப்சம் சீலிங், பிவிசி பைப் எல்லாம் ஒரே குவியலாகிவிட்டால் பிறகு அதை யாரும் பிரிக்கமாட்டார்கள், கூலி கட்டுப்படியாகாது. மறுபயன் கிடைக்குமா கிடைக்காதா என்பதை இடிக்கும் வரிசையே முடிவு செய்கிறது.

அந்த வரிசை எளியது. முதலில் ஒயர், குழாய், சானிட்டரி சாமான்கள், ஜன்னல், கதவு, நிலை. அடுத்து ஜிப்சம் சீலிங். ஓட்டுக் கூரையானால் ஓட்டை இறக்கி அடுக்கிவிட்டுச் சட்டங்களையும் உத்திரத்தையும் கழற்றுங்கள். தளமானால் மேலே உள்ள செங்கல் ஜல்லி சுண்ணாம்புப் படலத்தைத் தனியாகச் சுரண்டி எடுத்த பிறகே பிரேக்கரைக் கான்கிரீட்டில் வையுங்கள். சுவர் கடைசியில், மேலிருந்து வரி வரியாக. ஜிப்சத்தில் இருப்பது சல்பேட். அது இடிபாட்டோடு கலந்து சிமென்ட் வேலைக்குள் போனால், ஈரம் படும்போதெல்லாம் உப்பி விரிசல் விடும். ஒரு அறையின் சீலிங் முழு லோடையும் கெடுத்துவிடும் என்பதால்தான் அதை முன்னாலேயே வெளியேற்றச் சொல்கிறோம்.

பழைய செங்கல் விஷயத்தில் நடக்கும் தவறு, எல்லாச் சுவரையும் ஒரே மாதிரி நினைப்பது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினால் கல் சுத்தமாகக் கழன்று வரும். சிமென்ட் கலவையில் கட்டியதில் பல இடங்களில் காரை செங்கல்லைவிடக் கெட்டியாக இருப்பதால் கல்தான் முதலில் உடையும். அதை முழுக் கல்லாக மீட்க முயன்று கூலியைக் கரைக்காமல் நேராக ஜல்லியாக்கிவிடுங்கள். முழுசாக வந்த கல்லையும் சோதிக்காமல் கட்டாதீர்கள். நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி எடை பாருங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. அதாவது 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டக்கூடாது. தரையை ஒட்டிய வரிகளில் உப்பு பூத்து உதிரும் கல் இருந்தால் அதைச் சுவருக்கே எடுக்க வேண்டாம். எத்தனை முறை பூசினாலும் அந்த உப்பு பூச்சைத் தள்ளிவிடும்.

கான்கிரீட்தான் எடையில் பெரிய பங்கு. 1000 சதுர அடி, 12 செ.மீ. கனத் தளம் என்றால் சுமார் 11 கன மீட்டர், கிட்டத்தட்ட 27 டன். உடைத்தால் ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும், ஏறக்குறைய 6 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). நாளுக்கு 20 டன்னுக்கு மேல் இடிபாடு உண்டாக்குபவர்கள் அதை வகைவாரியாகப் பிரிக்க வேண்டும் என்று 2016-இல் வந்த மத்திய அரசின் விதியே சொன்னது. ஒரு சாதாரண வீட்டின் தளத்தை ஒரே நாளில் இறக்கினாலே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. பிரிப்பது பெரிய கம்பெனிகளின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது.

உடைத்த கான்கிரீட்டை எங்கே போடலாம் என்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் எதற்கும் ஆகாது என்று தள்ளுகிறார்கள், சிலர் தூண் (காலம்) போடும் கலவையிலேயே கலந்துவிடுகிறார்கள். கான்கிரீட் ஜல்லிக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பு சொல்லும் அளவு இது: எம்15-க்குக் கீழான கலவையில் (எம் எண் கூடக் கூட கலவையின் பலம் கூடும்) ஜல்லி முழுவதுமே இதுவாக இருக்கலாம், கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, கம்பி கட்டியதில் எம்25 வரையிலான கலவைக்கு மட்டும், 20 சதவீதம் வரை. வீட்டு வேலையில் அஸ்திவாரத்தின் அடியில் போடும் கம்பியில்லாக் கான்கிரீட்டோடு (பி.சி.சி.) நிறுத்திக்கொள்வதே சரி. கம்பி துருப்பிடித்து வெடித்திருந்த தளத்தின் ஜல்லியில் உப்பு இருக்கக்கூடும். அது புதுக் கம்பியின் பக்கம் போகவே கூடாது.

இந்த ஜல்லியில் பழைய காரை ஒட்டியிருப்பதால் கருங்கல் ஜல்லியைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். உலர்ந்ததை அப்படியே கலந்தால் கலவைத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கலவை இறுகிவிட்டதே என்று கொத்தனார் இன்னொரு குடம் ஊற்றுவார், பலம் போய்விடும். முந்தின நாளே நனைத்து, மேல் ஈரம் வடிந்த பிறகு கலப்பதுதான் வழி.

நெசவாளர் வீடுகளில் இன்னொரு ஆபத்து தறிக்குழி. இடித்த கட்டிகளை அப்படியே குழிக்குள் தள்ளி மேலே தரை போட்டால், கட்டிகளுக்கு இடையில் உள்ள சந்துகளுக்குள் மண் மெல்ல இறங்கும். இரண்டு மழைக்காலம் போனதும் டைல்ஸ் தட்டினால் வெற்று ஓசை வரும். கட்டியை 5 செ.மீ.க்குள் உடைத்து, மண்ணோடு கலந்து, 15 செ.மீ. அடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். மரத்துண்டு ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது, கரையானுக்கு அதுவே வழி. பயன்படாத கிணற்றை மூட இடிபாட்டைக் கொட்டுவதும், மூக்கனேரி போன்ற ஏரிகளின் கரையிலோ திருமணிமுத்தாற்றிலோ இரவில் கவிழ்ப்பதும் ஊர்த் தண்ணீரையே கெடுக்கும் வேலை.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எந்தக் குவியலிலும் சேர்க்க வேண்டாம். தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, உடைக்காமல் முழுசாக இறக்கி, கெட்டி பிளாஸ்டிக்கில் சுற்றித் தனியாக வையுங்கள். உடைத்தால் பறக்கும் இழை நுரையீரலில் தங்கிவிடும்.

ஏற்காட்டில் கணக்கே வேறு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் லோடு இறக்குவது செலவு என்று சரிவில் கொட்டிவிடுகிறார்கள். பெருமழையில் அது ஓடையை அடைத்து, தண்ணீர் பக்கத்துக் காப்பித் தோட்டத்தை அரிக்கும். மலையிலேயே பயன்படுத்துவது நல்லது, ஆனால் தாங்கு சுவருக்குப் பின்னால் உடைத்த கான்கிரீட்டை நிரப்பாதீர்கள். அதிலிருந்து கரைந்து வரும் சுண்ணாம்பு வடிகால் துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும், பின்னால் தேங்கும் தண்ணீர் சுவரைத் தள்ளும். அங்கே 40 மி.மீ. கருங்கல் ஜல்லியையே போடுங்கள். கான்கிரீட் ஜல்லி நடைபாதைக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் அடிப்படுகையாகப் போகட்டும்.