ஜீப்புக்கு மின்சார ரேடியேட்டர் ஃபேன்: எங்கெல்லாம் சறுக்குகிறது

பழைய மஹிந்திரா ஜீப், மாருதி ஜிப்சி மாதிரி வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்தே இருக்கும். என்ஜின் ஓடினால் அதுவும் சுற்றும். ஆற்றில் இறங்கும்போது இதுதான் தொல்லை: தண்ணீரை அடிக்கும் இலைகள் முன்பக்கமாக வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடும். மின்சார ஃபேன் என்றால் ஒரு சுவிட்சைத் தட்டி நிறுத்திவிட்டு இறங்கலாம். ஏசி போட்டு நின்ற இடத்தில் நிற்கும்போதும் ஐட்லிங் வேகத்தை நம்பியிருக்க வேண்டாம். இந்த இரண்டு காரணங்களுக்காக மாற்றுவது நியாயம். மைலேஜுக்காக மட்டும் மாற்றுவது வீண்வேலை. விஸ்கஸ் கப்ளிங் (புல்லிக்கும் ஃபேனுக்கும் நடுவே பிசுபிசுப்பான எண்ணெயால் பிடிக்கும் கிளட்ச்) உள்ள வண்டியில் என்ஜின் சூடாகாத நேரத்தில் அந்தக் கப்ளிங்கே ஃபேனைத் தளர விட்டுவிடுகிறது. மின்சார ஃபேனுக்கும் கரண்ட் ஆல்டர்னேட்டரிலிருந்து, அதாவது என்ஜினிலிருந்துதான் வர வேண்டும். மிச்சமாவது சொற்பம்.

இதைவிடப் பெரிய தவறு, வண்டி ஓவர்ஹீட் ஆகிறது என்பதற்காக ஃபேனை மாற்றுவது. வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் உப்பு படிந்து பாதிக் குழாய் அடைத்திருக்கும். டேங்க்கைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்தால் தீர்கிற பிரச்சினைக்கு எந்த ஃபேனும் மருந்தாகாது. ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட் வால்வு (என்ஜின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுவது), வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் இவற்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். விஸ்கஸ் கப்ளிங்கைச் சோதிப்பது எளிது. நன்றாகச் சூடான என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிவிடுங்கள். தடையே இல்லாமல் பல சுற்று ஓடினால் கப்ளிங் போய்விட்டது. அதை மாற்றினாலே போதும்.

ஃபேன் தேர்வும் காற்றுப் போக்கும்

சென்னை புதுப்பேட்டையிலோ கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ பழைய கார் ஃபேன் தேடுவோர் பெரும்பாலும் விட்டத்தை மட்டும் அளக்கிறார்கள். மோட்டாரின் பருமனையும் அது இழுக்கும் கரண்டையும் பாருங்கள். ஒரே அளவு இலை, ஒல்லி மோட்டாரில் 10 ஆம்பியரும் கனமான மோட்டாரில் 25 ஆம்பியரும் இழுக்கலாம். நகர்த்தும் காற்றும் அதற்கேற்பத்தான். பெட்டியில் அச்சடித்த காற்றளவு, எதிரே தடையே இல்லாமல் அளந்தது. மூன்று நான்கு வரிசைக் குழாய் கொண்ட ஜீப் ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் ஏசி கண்டென்சருக்கும் பின்னால் வைத்தால் அந்த அளவு வராது.

பழைய ஃபேன் ஐட்லிங்கில் மந்தமாக இருந்தாலும், லோ கியரில் 3000 ஆர்பிஎம்மில் ஏறும்போது புயல் மாதிரி இழுக்கும். மின்சார ஃபேனுக்கு எப்போதும் ஒரே வேகம். ஆகவே வீட்டு வாசலில் அரை மணி நேரம் ஐட்லிங்கில் நிறுத்தி, முள் ஏறவில்லை என்பதால் ஃபேன் போதும் என்று முடிவு கட்டக் கூடாது.

ஷ்ரவுட் (காற்றை ஃபேனை நோக்கித் திருப்பும் கூடு) இல்லாமல் ஃபேனை நேரடியாக ரேடியேட்டரில் ஒட்டிவிடுவது அடுத்த தவறு. அப்படி வைத்தால் ஃபேனுக்கு நேர் எதிரே உள்ள வட்டம் மட்டுமே குளிரும். நான்கு மூலையும் சும்மா கிடக்கும். ரேடியேட்டர் முகம் முழுவதையும் மூடும் தகர அல்லது அலுமினிய ஷ்ரவுட் செய்து, இலைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே 25 முதல் 50 மிமீ இடைவெளி விடுங்கள். ஓரங்களில் ரப்பர் பீடிங் ஒட்டினால் பக்கவாட்டுக் காற்று புகாது. ஃபேனைப் பிடிக்க ரேடியேட்டரின் உள்ளே நுழைத்துக் கட்டும் பிளாஸ்டிக் கம்பிகளை ஜீப்பில் தொடவே வேண்டாம். கரடுமுரடுப் பாதையின் அதிர்ச்சியில் ஃபேனின் எடை முழுவதும் அந்த மெல்லிய குழாய்களில் தொங்கும். அவை தேய்ந்து ஒழுகும். எடை ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில்தான் இறங்க வேண்டும்.

மோட்டாரின் பின்புறத்துக்கும் வாட்டர் பம்ப் புல்லிக்கும் குறைந்தது 25 மிமீ இருக்கட்டும். வண்டி நிற்கும்போது 10 மிமீ போதுமென்றுதான் தோன்றும். ஆனால் ரப்பர் மவுண்ட்டில் என்ஜின் முன்னும் பின்னும் ஆடும், பள்ளத்தில் சேசிஸே முறுகும்.

இடமில்லையென்று ஃபேனை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துத் தள்ள விடுவது கடைசி வழி. ஓடும்போது வரும் காற்றை அதுவே மறைக்கும். பின்னால் இழுக்கும் ஃபேனைத் தள்ளும் ஃபேனாக்க வயரை மாற்றிப் போட்டால் மட்டும் போதாது, இலையையும் திருப்பிப் போட வேண்டும். இல்லாவிட்டால் காற்று கணிசமாகக் குறையும். வேலை முடிந்ததும் கிரில்லுக்கு முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. தள்ளினால் வயர் தலைகீழ்.

பழைய ஃபேனைக் கழற்றும் இடத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. பல ஜீப்களில் ஃபேன், ஸ்பேசர், புல்லி மூன்றையும் ஒரே நீள போல்ட்டுகள்தான் பிடித்திருக்கும். முதல் இரண்டை எடுத்த பிறகு அதே போல்ட்டைப் போட்டால் அது அடியில் முட்டிக்கொள்ளும். இறுகிய மாதிரி இருக்கும், புல்லி ஆடிக்கொண்டிருக்கும். அதே மரை, அதே தரத்தில் குட்டை போல்ட் வாங்குங்கள்.

வயரிங்: பெரும்பாலான தோல்விகள் இங்கேதான்

முதலில் ஆல்டர்னேட்டர். தகட்டில் எழுதியுள்ள ஆம்பியர் முழு வேகத்தில் கிடைப்பது. ஐட்லிங்கில் பாதி வந்தாலே அதிகம். இரண்டு ஹெட்லைட் 9 ஆம்பியர், ஏசி புளோயர் 8 முதல் 10, கம்ப்ரஸர் கிளட்ச் 4, வைப்பர் 4, அதன்மேல் ஃபேன் 25. மழை இரவில் மலைப்பாதை நெரிசலில் மாட்டிக்கொண்டால் 50 ஆம்பியரைத் தாண்டும். 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் வைத்திருப்பவர் அந்த நேரத்தில் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கிறார். ஃபேனுக்கு முன்பே ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டிய வண்டி இது. ஃபேன் இழுக்கும் கரண்டை அளக்க டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும்; வீட்டு எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும், மாறுமின்சாரம் மட்டும் அளக்கும் கிளாம்ப் இதற்கு ஆகாது.

வயர் பருமனில் கஞ்சத்தனம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு 2 மீட்டர், எர்த் திரும்ப 2 மீட்டர், கரண்ட் 25 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 1.5 ஸ்கொயர் எம்எம் வயரில் ஏறத்தாழ 1.15 வோல்ட் வயரிலேயே தொலையும். 2.5-இல் 0.7, 4-இல் 0.43, 6-இல் 0.3 வோல்ட். ஒரு வோல்ட் குறைந்தாலே ஃபேனின் வேகம் கண்கூடாக விழும், வயரும் சுடும். ஆகவே 6 ஸ்கொயர் எம்எம் எடுங்கள். எர்த் வயரும் அதே பருமனில் இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த பாடியில் ஸ்க்ரூ போட்டு எர்த் எடுத்து, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று மோட்டாரைக் குறை சொல்வோர் ஏராளம். வீட்டு வயரின் பிவிசி உறை 70 டிகிரிக்கானது. என்ஜின் பக்கத்தில் 105 டிகிரி தாங்கும் வாகன வயர்தான் நிற்கும்.

ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும் என்பதால் 25 ஆம்பியர் ஃபேனுக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் சரி. சாதாரண பிளேடு ஃபியூஸின் தொங்கும் ஹோல்டர் இத்தனை கரண்டைத் தொடர்ந்து தாங்காது. ஃபியூஸ் போகாமலேயே ஹோல்டர் உருகிக் கிடப்பதைப் பார்க்கலாம். பெரிய மேக்ஸி ஃபியூஸ் வாங்குங்கள். இரண்டு ஃபேன் என்றால் ஃபியூஸும் ரிலேவும் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) தனித்தனி. ஒன்று போனாலும் மற்றது வீடு வரை கொண்டுவந்து சேர்க்கும்.

ரிலேயின் 30-ஆம் முனைக்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87 ஃபேனுக்கு, 86 சாவி போட்டால் கரண்ட் வரும் வயருக்கு. 85-இலிருந்து, நடுவில் நிறுத்தம் உள்ள மூன்று நிலை சுவிட்சின் நடு முனைக்கு ஒரு வயர். ஒரு பக்க முனை டெம்பரேச்சர் சுவிட்ச் வழியாக எர்த்துக்கு, மறு பக்கம் நேராக எர்த்துக்கு. தானியங்கி, நிறுத்தம், கட்டாய ஓட்டம் மூன்றும் இந்த ஒரே சுவிட்சில் வந்துவிடும். 87-இலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கும் வையுங்கள். ரிலேயை வயர்கள் கீழ்நோக்கி வரும்படி, தண்ணீர் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். ரிலே இல்லாமல் இக்னிஷன் வயரிலேயே ஃபேனைக் கொடுத்தால் சாவி சுவிட்ச் கருகும். பெட்ரோல் வண்டியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: சாவியைத் திருப்பிய பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் டைனமோவாக மாறி, சில நொடிகள் என்ஜினை அணைய விடாது.

எந்த டிகிரியில் ஓட வேண்டும்

சீக்கிரமே ஓடட்டும் என்று 80 டிகிரி சுவிட்ச் வாங்கி, ரேடியேட்டருக்குள் சூடான தண்ணீர் வரும் மேல் ஹோஸில் மாட்டுகிறார்கள். தெர்மோஸ்டாட் வால்வு திறப்பதே 82 டிகிரியில் என்றால், அங்கே தண்ணீர் 80-க்குக் கீழே வரவே வராது. ஃபேன் நிற்காது. 82 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு மேல் ஹோஸில் 92-இல் ஓடி 87-இல் நிற்கும் சுவிட்ச் பொருந்தும். இது 22 மிமீ மரையில் பரவலாகக் கிடைக்கிறது. அதே சுவிட்சைக் கீழ் டேங்க்கில் வைத்தால் அங்கே தண்ணீர் ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால், ஃபேன் கிளம்புவதற்குள் என்ஜின் 100 டிகிரியை நெருங்கிவிடும். ரேடியேட்டரின் இறக்கைத் தகடுகளுக்கு நடுவே செருகும் கம்பி சென்சார் காற்றின் சூட்டையும் சேர்த்துப் படிக்கும், சீராக இருக்காது.

ஒற்றை வயர் சுவிட்ச், தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கும். அதில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் அறுந்துவிடும். மேல் ஹோஸை வெட்டி அடாப்டர் போட்டிருந்தால் இருபுறமும் ரப்பர். அடாப்டருக்கே தனி எர்த் வயர் தேவை. கூலன்ட் குறைந்து சுவிட்ச் காற்றில் நின்றால் அது சூட்டை உணராது, ஃபேனும் ஓடாது. டெம்பரேச்சர் மீட்டரைப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டாம்.

ஆற்றில் இறங்குமுன் ஃபேனை நிறுத்தி, இலை முழுதாக நின்ற பிறகே போங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் தண்ணீரில் சிக்கினால் பிளாஸ்டிக் இலை முறியும் அல்லது ஃபியூஸ் போகும். இன்னொன்று, சுடச்சுட இருக்கும் மோட்டார் குளிர்ந்த நீரில் முங்கினால் உள்காற்று சுருங்கி, பேரிங் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். முடிந்தால் கரையில் சில நிமிடம் ஆற விடுங்கள். ஏறிய பிறகு சுவிட்சைத் தானியங்கிக்குத் திருப்ப மறப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் விபத்து. டேஷ்போர்டு விளக்கு அதற்குத்தான். சேற்றை ரேடியேட்டரின் என்ஜின் பக்கமிருந்து முன்னோக்கி, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷ் இறக்கைத் தகடுகளை மடக்கிவிடும்.

முடித்ததும் ஃபேன் ஓடும்போதே மோட்டார் முனைகளிலும் பேட்டரி முனைகளிலும் வோல்ட்டை அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எங்கோ லக் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) சரியாக அழுந்தவில்லை. பிறகு ஏசி போட்டு, ஆள் ஏற்றி, உச்சி வெயிலில், பின்காற்று அடிக்கும் நாளில் சின்ன கியரில் நீண்ட ஏற்றம் ஒன்று. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் இதற்கு நல்ல பரீட்சை. அந்தப் பரீட்சை முடியும் வரை ஒரு உபரி ரிலே, இரண்டு ஃபியூஸ், பழைய ஃபேன், ஸ்பேசர், நீள போல்ட்டுகள், ஸ்பானர் எல்லாம் சீட்டுக்கு அடியிலேயே இருக்கட்டும்.