ஜோசன் தூதர்களின் கதையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரிய வரலாற்றுத் தொடர்களில் சீனத் தூதர் வந்து இறங்கினாலே அரண்மனை முழுக்க முகம் வாடிவிடும். மன்னர் எதிர்கொண்டு அழைப்பார், தூதர் அதட்டுவார், அமைச்சர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார்கள். இதைப் பார்த்துப் பழகியவர்கள் கொரியாவை ஆண்ட ஜோசன் அரசின் (1392–1897) வெளியுறவைப் பற்றிப் பேச வந்தால் சில தவறுகளில் வழக்கமாக மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். அரசவையில் நடந்த பேச்சைக் கவனிக்கிறோம், வழியிலும் எல்லையிலும் வேலை பார்த்த ஆட்களை விட்டுவிடுகிறோம்.

முதலில் திறை. சீனாவுக்குத் திறை கட்டினார்கள், அப்படியானால் அடிமை நாடுதானே என்று ஒரே வரியில் முடித்துவிடுவது பழைய வழக்கம். மிங் வம்சத்தின் முதல் பேரரசர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தூதர் வந்தால் போதும் என்றார். ஆண்டுக்கு மூன்று முறை வருகிறோம் என்று விடாமல் கேட்டது ஜோசன். புத்தாண்டு, பேரரசர் பிறந்தநாள், பட்டத்து இளவரசர் பிறந்தநாள் என்று காரணங்களும் தயாராக இருந்தன. அடிமைத்தனத்தை யாராவது இப்படி வற்புறுத்திக் கேட்பார்களா? ஒவ்வொரு பயணத்திலும் பட்டு, புத்தகம், மருந்து வந்தன. பெய்ஜிங்கில் என்ன நடக்கிறது என்ற தகவலும் வந்தது. அதைவிட முக்கியமாக அங்கீகாரம் தேவைப்பட்டது. ஜோசனை நிறுவிய யி சோங்-க்யே பழைய அரசைக் கவிழ்த்து அரியணை ஏறியவர். அவர் ஆட்சி முடியும்வரை மிங் அரசின் முறையான பட்டமளிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் மகன் தேஜோங் காலத்தில், 1401இல்தான் கிடைத்தது.

சரி, அப்படியானால் எல்லாம் வெறும் வியாபாரம்தான் என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. மிங் பேரரசர் யோங்லே கொரியப் பெண்களை அந்தப்புரத்துக்குக் கேட்டு வாங்கினார். 1417இல் அப்படிப் போனவர் ஹான் ஹ்வாக் என்பவரின் அக்கா. 1424இல் பேரரசர் இறந்ததும், அவரோடு சாக வைக்கப்பட்ட அந்தப்புரப் பெண்களில் அவரும் ஒருவர். சில ஆண்டுகளில் ஹான் ஹ்வாக்கின் தங்கையும் அடுத்த பேரரசர் ஒருவருக்காக அனுப்பப்பட்டார். இந்த உறவை வைத்தே ஹான் ஹ்வாக் மிங் அரசவையில் செல்வாக்குள்ள தூதரானார், ஜோசனில் அமைச்சரானார். 1456இல் ஒரு தூதுப் பயணம் முடிந்து திரும்பும் வழியில் இறந்தார். அவர் பேரன் பிற்பாடு ஜோசனின் மன்னர். இந்தக் குடும்பத்தை 'அடிமைத்தனம்' என்ற தலைப்பிலும் அடக்க முடியாது, 'வியாபாரம்' என்ற தலைப்பிலும் அடக்க முடியாது.

சீனாவை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. வடக்கே எல்லைக்கு அப்பால் வாழ்ந்த ஜுர்சென் இனக் குழுக்களின் தலைவர்களுக்கு ஜோசன் பதவிப் பட்டங்கள் கொடுத்தது. தலைநகர் ஹன்யாங்கில் அவர்கள் தங்க ஒரு விடுதி, ஜப்பானியருக்குத் தனியே இன்னொன்று. அதே காலத்தில் வட எல்லையில் துமென் ஆற்றோரம் படைக்காவல் ஊர்களும் எழுந்தன. ஒரு கையில் பட்டம், மறு கையில் கோட்டை. தெற்கே யி யே என்பவர் ஜப்பானுக்கும், கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவிலுள்ள சுஷிமா தீவுக்கும் 40 முறைக்கு மேல் தூது போய், கடற்கொள்ளையர் பிடித்துப்போன நூற்றுக்கணக்கானவர்களை மீட்டுக்கொண்டு வந்தார். அவருடைய தாயையும் அவர் சிறுவனாக இருந்தபோது கொள்ளையர் கொண்டுபோயிருந்தார்கள்.

1590ஆம் ஆண்டுத் தூதுக்குழுவைப் பற்றிச் சொல்லாதவர் இல்லை. அப்போது ஜப்பானைத் தன் கையில் வைத்திருந்த ஹிதேயோஷியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய தலைமைத் தூதர் ஹ்வாங் யுன்-கில் போர் வரும் என்றார், துணைத்தூதர் கிம் சோங்-இல் வராது என்றார். 1592இல் போர் வந்தது. அரசவைக் கட்சிகளில் ஹ்வாங் மேற்கு அணி, கிம் கிழக்கு அணி, கட்சிச் சண்டையில் நாடு அழிந்தது என்று கதை முடிந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குழுவின் ஆவண அதிகாரி ஹோ சோங்கும் கிழக்கு அணிக்காரர், அவர் போர் வரும் என்றே சொன்னார். அமைச்சர் யு சோங்-ரியோங் தனியே விசாரித்தபோது, ஜப்பான் வரவே வராது என்று தானும் நினைக்கவில்லை, ஹ்வாங்கின் பேச்சைக் கேட்டு மக்கள் கலங்கிவிடுவார்களே என்றுதான் அப்படிச் சொன்னதாகக் கிம் பதில் சொல்லியிருக்கிறார். ஹிதேயோஷி சபைக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்ததையும், குழந்தை மேலேயே சிறுநீர் கழித்துவிட அவர் சிரித்தபடி பணிப்பெண்ணைக் கூப்பிட்டதையும் யு சோங்-ரியோங் பதிவு செய்திருக்கிறார். இப்படி ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவரை ஆளுக்கொரு விதமாக எடைபோட்டதில் வியப்பில்லை. கிம்மின் கணிப்பு தவறுதான், மறுக்க முடியாது. ஆனால் அறிக்கைக்குப் பிறகு அரசு கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. தெற்கே கோட்டைகளைச் செப்பனிட்டது, யி சுன்-சின்னைக் கடற்படைப் பொறுப்பில் அமர்த்தியதும் 1591இல்தான்.

அரசர் கடிதம் என்றால் அரசர் எழுதியது என்று நம்பிவிடுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த தவறு. போர் முடிந்த பிறகு ஜோசனோடு மறுபடி உறவு வேண்டும் என்று தவித்தது சுஷிமா தீவு. விளைநிலம் குறைவு, பிழைப்பு முழுக்கக் கொரிய வணிகத்தில். ஜோசனோ, ஜப்பான் முதலில் கடிதம் எழுதட்டும் என்று நிபந்தனை போட்டது. முதலில் எழுதுபவர் சமாதானம் கேட்பவர் ஆகிவிடுவார் அல்லவா? ஹிதேயோஷிக்குப் பிறகு ஜப்பானில் ஆட்சியைப் பிடித்த தொகுகாவா இயேயாசு அப்படி எழுத வேண்டும் என்று காத்திருந்தால் சுஷிமா பட்டினி கிடக்க வேண்டியதுதான். 1606இல் 'ஜப்பான் மன்னர்' என்ற பட்டத்தோடு, முத்திரையோடு கடிதம் ஹன்யாங் வந்து சேர்ந்தது. தயாரித்தது சுஷிமாக்காரர்கள். ஜோசன் அரசவைக்குச் சந்தேகம் வந்தது. இருந்தும் ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் பிடிபட்டுப் போனவர்களை மீட்க வேண்டியிருந்தது.

கூத்து அதோடு நிற்கவில்லை. 1607இல் ஜோசன் தூதர்கள் 'உங்கள் கடிதத்துக்குப் பதில்' என்று தொடங்கும் மடலோடு புறப்பட்டார்கள். இயேயாசு தரப்பு எழுதாத கடிதத்துக்குப் பதில் போய்ச் சேர்ந்தால் குட்டு உடைந்துவிடும். ஆகவே அந்த மடலையும் சுஷிமாக்காரர்கள் மாற்றி, பதில் என்ற தடயமே இல்லாமல் செய்தார்கள். தூதர்கள் திரும்பும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் கூடவே ஊர் வந்தார்கள். 1630களில் சுஷிமா தலைவருக்கும் அவருடைய மூத்த அதிகாரி யானாகாவாவுக்கும் சண்டை முற்றி, யானாகாவா எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். 1635இல் ஜப்பானின் இராணுவ ஆட்சியாளரான ஷோகன் தீர்ப்பு சொன்னார். வெளியே சொன்ன யானாகாவா வடகோடிக்கு நாடு கடத்தப்பட்டார், சுஷிமா தலைவர் பதவியிலேயே நீடித்தார். கொரியாவோடு பேச அவரை விட்டால் ஆளில்லை. ஆகவே 1607, 1617, 1624 ஆண்டுகளின் மடல்களில் ஒரு பட்டத்தையோ பணிவுச் சொல்லையோ பார்த்துவிட்டு 'இரு நாடுகளும் இப்படித்தான் நினைத்தன' என்று எழுதும் முன், அந்தத் தாள் யார் கையில் மாறியது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சடங்குதானே, யார் எத்தனை முறை வணங்கினால் என்ன என்று தள்ளிவிடுபவர்கள் 1636ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜுர்சென் வழிவந்த மஞ்சு மன்னர் ஹோங் தைஜி ஷென்யாங்கில் தன்னைச் சிங் (பிறகு மிங்குக்குப் பதில் சீனாவை ஆண்ட வம்சம்) பேரரசராக அறிவித்தார். சபையே விழுந்து வணங்கியபோது ஜோசன் தூதர்கள் நா தோக்-ஹோன், யி ஹ்வாக் இருவரும் குனிய மறுத்தார்கள். அடி விழுந்தது, உடை கிழிந்தது, அப்போதும் மறுத்தார்கள். ஹோங் தைஜி கொல்லாமல் கடிதம் கொடுத்து அனுப்பினார். பேரரசர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் கடிதத்தை மன்னரிடம் எப்படிக் கொண்டுபோவது என்று வழியிலேயே அதை விட்டுவிட்டு, நகலை மட்டும் எடுத்து வந்தார்கள். ஊரில் மாலை மரியாதை கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அங்கேயே கடிதத்தை ஏன் எறியவில்லை என்று கேட்டார்கள், தலையை வெட்டச் சொன்னவரும் உண்டு. கடைசியில் நாடுகடத்தல். அந்தக் குளிர்காலத்திலேயே சிங் படை எல்லையிலுள்ள யாலு ஆற்றைத் தாண்டியது. வணக்கம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒருவரைப் பேரரசர் என்று ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் அன்று அந்த முழங்காலில்தான் இருந்தது.

தூதுக்குழு என்றால் தலைமைத் தூதர், துணைத்தூதர், ஆவண அதிகாரி மூவர் மட்டும் என்று எண்ணுவதும் வேண்டாம். அந்த மூவரும் பெரும்பாலும் சீனம் எழுதுவார்கள், பேசத் தெரியாது. பேசியது மொழிபெயர்ப்பாளர்கள். பரம்பரையாக அந்த வேலை செய்த நடுத்தட்டு மக்கள். அவர்களுக்குப் பயணச் செலவுக்குப் பணம் கிடைக்காது, ஜின்செங் என்ற மருந்து வேரைக் கொண்டுபோய் விற்றுக்கொள்ள அனுமதி கிடைக்கும். 17ஆம் நூற்றாண்டில் அது ஒருவருக்கு எட்டுக் கட்டு வரை போனது.

1710இல் எல்லை தாண்டிய கொரியர்கள் சிலர் சிங் குடிகளைக் கொன்றுவிட, எல்லையை அளக்க 1712இல் முகேதெங் என்ற அதிகாரியைச் சிங் பேரரசு அனுப்பியது. வரவேற்கப் போன பாக் க்வோன் மூத்த அதிகாரி. நீங்கள் வயதானவர், மலை ஏற முடியாது என்று அவரைக் கீழேயே நிறுத்திவிட்டார் முகேதெங். தலைமை மொழிபெயர்ப்பாளர் கிம் ஜி-நாமும் ஏறவில்லை, அவர் மகன் கிம் க்யோங்-முன் ஏறினார். பெக்து மலையில் நட்ட கல்லில் ஆறு கொரியர்களின் பெயர் இருக்கிறது. அத்தனை பேரும் சின்ன அதிகாரிகளும் மொழிபெயர்ப்பாளர்களும்தான். முகேதெங் ஊருக்குப் போன பிறகு எல்லை வேலி போட வந்த ஜோசன் ஆட்கள், துமென் ஆற்றின் தொடக்கம் என்று அவர் காட்டிய ஓடை அந்த ஆற்றில் சேரவே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். கல்லில் பெயருள்ள அதிகாரிகளில் ஒருவரான ஹோ ரியாங் முதலியோர் தாங்களாகவே வேலியை வேறு ஓடைக்கு இழுத்தார்கள். ஹன்யாங்குக்கு விஷயம் தெரிந்தது அப்புறம்தான். 1880களில் இரு அரசுகளும் உட்கார்ந்து வாதாடியபோது நடுவில் கிடந்தது இந்தச் சிக்கல்தான்.

கடைசியாக, தேதி. பழைய ஆவணங்கள் எல்லாம் சந்திர நாட்காட்டியில் இருப்பவை, 1636இன் பன்னிரண்டாம் மாதம் என்றால் ஆங்கிலக் கணக்கில் பெரும்பகுதி 1637 ஜனவரி. இதைவிடப் பெரிய பொறி வேறு. மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் சோங்ஜென் 1644இல் இறந்துவிட்டார். சிங் அரசுக்குப் போகும் கடிதங்களில் சிங் ஆண்டுக்கணக்கை எழுதிய ஜோசன் அறிஞர்கள், தங்களுக்குள் எழுதும்போது செத்துப்போன அந்தப் பேரரசரின் கணக்கையே தொடர்ந்தார்கள். 'சோங்ஜெனுக்குப் பின் மூன்றாம் கெங்ட்ஸு ஆண்டு' என்று இருந்தால் பதறாமல் அறுபதாண்டுச் சுற்றைப் போட்டுப் பாருங்கள்; கெங்ட்ஸு அந்தச் சுற்றில் ஓர் ஆண்டின் பெயர். முதல் கெங்ட்ஸு 1660, அடுத்தது 1720, மூன்றாவது 1780. எழுத்தாளர் பாக் ஜி-வோன் தூதுக்குழுவோடு யாலு ஆற்றைக் கடந்த ஆண்டு அது.