மலேசியாவுக்கு வருகிறீர்களா? டப்பாக்களைக் காலியாகவே அனுப்புங்கள்

வெறும் பாத்திரத்தை யார் வீட்டுக்கும் அனுப்பக்கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். கப்பலில் வரும் சாமானுக்கு மட்டும் அந்த வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். என் தோழி பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பொதுவான விஷயம். பாஸ்போர்ட், வேலை அனுமதி நகல், சாமான் பட்டியல், இந்த மூன்றையும் சரக்கு அனுப்பும் ஏஜென்ட் கேட்பார். முழு கன்டெய்னர் எடுக்காமல் மற்றவர்களோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டால் கட்டணம் கன மீட்டர் கணக்கு. ஒரு கன மீட்டரில் 1,000 கிலோவைத் தாண்டாதவரை எடையைப் பார்ப்பதில்லை, அடைக்கும் இடத்துக்குத்தான் காசு. ‘வீட்டு வாசல் வரை’ என்று சொல்லும் விலையில் மலேசியத் துறைமுகச் செலவும் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். யாரும் சொல்லாதது இனிமேல் வருவது.

தோழியின் கணவருக்குப் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. சென்னையில் வீட்டைக் காலி செய்தபோது பெரிய எவர்சில்வர் தூக்குகளும் சம்படங்களும் நிறைய இருந்தன. டப்பா அடைக்கிற இடத்துக்கு எப்படியும் காசு கொடுக்கிறோம், உள்ளே சும்மா ஏன் கிடக்க வேண்டும் என்று அவள் அம்மா பொன்னி அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, முழு மல்லி, வீட்டில் வறுத்து அரைத்த சாம்பார்த்தூள் என்று எல்லாவற்றையும் நிரப்பிக் கட்டினார். ஏஜென்டைக் கேட்டிருக்கிறார்கள். “தாராளமா போடுங்கம்மா, வீட்டுச் சாமான்தானே, யார் திறந்து பார்க்கப் போறாங்க” என்றாராம். பட்டியலில் அவரே ‘சமையல் பாத்திரங்கள்’ என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டார்.

இங்கே திறந்து பார்த்தார்கள். பருப்பில் வண்டு. பட்டியலில் தானியமே இல்லை, பெட்டிக்குள் மூட்டைக் கணக்கில் தானியம். பாத்திரம், படுக்கை, குழந்தையின் சைக்கிள் வரை மொத்தச் சரக்கும் நின்றுபோனது. நின்ற ஒவ்வொரு நாளுக்கும் கிடங்கு வாடகை. கடைசியில் டப்பாவில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுத்தான் மற்றதைக் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியிருந்த தொகை கப்பல் கட்டணத்தையே தாண்டிவிட்டது. ‘தாராளமா போடுங்கம்மா’ என்ற ஏஜென்ட் அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. காசைவிட அந்தச் சாம்பார்த்தூள் போனதுதான் அவளுக்கு ஆறவில்லை. அம்மா வெயிலில் மிளகாய் காயவைத்து அரைத்தது.

இதில் அதிகாரிகளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மாக்கிஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தனிமைப்படுத்தல், ஆய்வுப் பணிக்கு 2011ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. செடி, விதை, பால், இறைச்சி சார்ந்த பொருள்கள் எல்லாம் அதன் கண்காணிப்பில் வருபவை. அரிசி இன்னும் தனி விவகாரம். 1996 முதல் இந்த நாட்டுக்குள் அரிசி இறக்குமதி செய்யும் உரிமை பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்திடம் இருக்கிறது. எனக்குக் கோபமெல்லாம் இது தெரிந்தும் தலையாட்டுகிற ஏஜென்ட்கள் மேல்தான். பட்டியலை நீங்களே எழுதுங்கள். ‘டப்பா, காலி’ என்று தனியாகக் குறிப்பிடுங்கள்.

அவ்வளவு நஷ்டப்பட்டு அனுப்பிய அதே பொன்னி அரிசி, பினாங்கு லிட்டில் இந்தியாவில் லெபோ பசார் பக்கம் போனால் கடைக்குக் கடை அடுக்கியிருக்கிறது. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, கொஞ்சம் தள்ளிப் போனால் கிள்ளான் தெங்கு கெலானா சாலை. இட்லிப் பானை, முறுக்கு அச்சு, அச்சு முறுக்குக் கரண்டி எல்லாம் இந்த இடங்களில் தொங்கும். தேங்காய்த் துருவியை நான் கொண்டு வரச் சொல்ல மாட்டேன். சந்தையில் தேங்காயைக் கண்ணெதிரே இயந்திரத்தில் துருவித் தருகிறார்கள், பால் பிழிந்தும் தருகிறார்கள். காலையில் அந்த வாசனை வரும்போது ஊர் ஞாபகம் வராமல் இருக்காது.

டப்பாக்களையே அளவோடு கொண்டு வாருங்கள். ஆண்டு முழுவதும் இங்கே காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மதுரை வெயிலில் மாதக்கணக்கில் மொறுமொறுப்பாக இருந்த முறுக்கு, அதே எவர்சில்வர் டப்பாவில் இங்கே இரண்டு நாளில் நமுத்துப்போகும். நம் டப்பா மூடி தூசியைத் தடுக்கும், ஈரக்காற்றைத் தடுக்காது. ரவையும் கோதுமை மாவும் கட்டிதட்டும், மிளகாய்த்தூளில் பூஞ்சை வரும். ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடி, நான்கு பக்கமும் தாழ் போடும் பிளாஸ்டிக் டப்பா இவைதான் இந்த ஊருக்குச் சரி. இரண்டும் இங்கேயே மலிவாகக் கிடைக்கும். அரிசியை 5 கிலோ பையாக வாங்குங்கள், ரவையும் மாவும் பிரிட்ஜில் இருக்கட்டும். கிள்ளானில் பிறந்து வளர்ந்த என் மேல்மாடி ஆண்ட்டி தீபாவளிப் பலகாரத்தைச் சிவப்பு மூடி போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜாடிகளில்தான் வைப்பார். “மூடியைச் சுத்தி டேப் ஒட்டிடுங்கலா, விருந்தாளி வந்தபிறகு பிரிக்கலாம்” என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். நெய் உருண்டையும் ஓமப்பொடியும் அப்படியே நின்றன.

எவர்சில்வரில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்கும் அஞ்சறைப்பெட்டியும் வந்தால் போதும். அடுக்குக்கு ஒரு டப்பாவின் இடம்தானே.

கேக் செய்பவர்கள் முதலில் மனதைக் கட்டிப்போட வேண்டியது ஓடிஜி என்கிற மின்சார பேக்கிங் அடுப்பின் விஷயத்தில். கொண்டு வராதீர்கள். இடத்தை அடைக்கும். மின்னழுத்தம் நம் ஊர்போலத்தான், 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் சுவரில் இருப்பது செவ்வகக் கால்கள் கொண்ட 13 ஆம்பியர் பிளக்குக்கான துளைகள். நம் ஊர் பெரிய பிளக்கை ஒரு மலிவு அடாப்டரில் செருகி 2,000 வாட் அடுப்பை ஒரு மணிநேரம் ஓட்டினால் அடாப்டர் உருகிவிடலாம். மிக்ஸி கொண்டு வருவதாக இருந்தால் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, ஃபியூஸ் உள்ள உள்ளூர் பிளக்கை மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் மின்காந்த அடுப்பு இருந்தால் அலுமினிய குக்கர் அதில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று ஊரிலேயே பார்த்துவிட்டுக் கட்டுங்கள். குக்கருக்கு மாற்று ரப்பரும் சேஃப்டி வால்வும் கட்டாயம் வையுங்கள், உங்கள் மாடலுக்குச் சரியானது இங்கே அமைவது கஷ்டம்.

கேக் டின்களில் அலுமினியத்தைக் கொண்டு வாருங்கள். கறுப்புப் பூச்சு பூசிய இரும்புத் தகரம் இந்த ஈரத்தில் விளிம்பில் துருப்பிடிக்கும், பினாங்கின் கடற்காற்றில் இன்னும் சீக்கிரம். பட்டர் பேப்பர், பைப்பிங் நாசில், சிலிக்கான் அச்சு இவற்றுக்கெல்லாம் பெட்டியில் இடம் ஒதுக்க வேண்டாம். முட்டை தடவும் பிரஷ் மட்டும் சிலிக்கானாக இருக்கட்டும். பன்றி மயிரில் செய்த பிரஷ் உண்டு. அப்படிப்பட்ட பொருளில் அதைக் குறிப்பிட்டே விற்க வேண்டும் என்று 2013இல் இங்கே ஆணை போட்டிருக்கிறார்கள். எல்லோரையும் வீட்டுக்கு அழைக்கும் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு முஸ்லிம்களான மலாய் நண்பர்கள் நம்பிச் சாப்பிட வருவார்கள், அந்த நம்பிக்கைக்கு நாம் உண்மையாக இருக்க வேண்டும். அதே காரணத்துக்காக ஜெலட்டினுக்குப் பதில் அகர் அகர் எனும் கடற்பாசி போடுங்கள், எந்தக் கடையிலும் கிடைக்கும்.

அப்புறம் அரிசி மாவு. யானைப் படம் போட்ட பாக்கெட்டில் சிவப்பு அச்சு சாதா அரிசி மாவு, பச்சை அச்சு பசையரிசி மாவு. பச்சையில் இடியாப்பம் வராது.

கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே முட்டையைத் தரம் பிரித்து விற்கிறார்கள். ஏ தரம் என்றால் 65 கிராமுக்கு மேல், பி தரம் 60க்கு மேல், சி தரம் 55க்கு மேல். ஊரில் நான்கு முட்டை போட்டுச் செய்த கேக்குக்கு இங்கே ஏ தர முட்டை நான்கு உடைத்து ஊற்றினால் மாவு தளர்ந்துபோகும். மூன்றைப் போட்டு எடை பாருங்கள், குறைந்தால் நான்காவதை அடித்துத் தேவையான அளவு மட்டும் சேருங்கள்.