பரீட்சை மண்டபத்தில் பிள்ளையின் நிமிடங்கள்: ஆண்டிறுதிப் பரீட்சைப் பொறுப்பை முதல்முறை ஏற்பவர்களுக்கு

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓர் அரசாங்கப் பாடசாலையில் தமிழ்மொழி மூலம் கணிதம் படிப்பிக்கிறேன். பதினொரு வருடமாகப் பரீட்சைப் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. மூன்றாந் தவணை நெருங்கினால் யாராவது ஓர் இளம் ஆசிரியர் போன் எடுத்து, "டீச்சர், அதிபர் இந்த முறை என்னைப் பரீட்சைக்குப் பொறுப்பா போட்டுட்டாரு. எங்க இருந்து தொடங்குறது?" என்று கேட்பார். வாயால் சொல்லி வந்ததை இந்த முறை எழுதியே வைக்கிறேன்.

முதலில் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சேவைக்கு வந்த புதிதில், வேறொரு பாடசாலையில், தரம் 10 கணிதம் முதலாம் வினாத்தாளுக்கு மண்டபத்தில் நின்றேன். இரண்டு மணித்தியாலப் பரீட்சை. கடைசி வரிசையில் ஒரு பிள்ளை அடிமட்டத்தையும் பென்சிலையும் ஒழுங்காகப் பக்கத்தில் வைத்துவிட்டு அமைதியாக இருந்தாள். யோசிக்கிறாள் என்று நினைத்து நான் கிட்டப் போகவில்லை. ஒரு மணித்தியாலம் கடந்தபின் அந்தப் பக்கமாக நடந்தபோதுதான் கண்டேன்: அவளுடைய தாளில் நாலாம் பக்கம் வெறுமையாக இருந்தது. அச்சில் ஒரு பக்கம் விழவே இல்லை. அந்த வெறும் பக்கத்துக்கு அவள் பென்சிலால் நேராக ஓர் ஓரக்கோடு வேறு கீறி வைத்திருந்தாள். "ஏன் பிள்ள கேக்கல்ல?" என்றேன். "செஞ்சு பார்க்கக் குடுத்த பக்கம்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள். தேடிப் பார்த்தால் இன்னும் மூன்று பேருக்கு அதே தாள். மேலதிக நேரம் கொடுத்தோம். ஆனால் மற்றப் பிள்ளைகள் எழும்பிப் போகிற சத்தத்துக்குள் அவளால் எழுத முடியவில்லை. அழுதுகொண்டே தாளைத் தந்தாள்.

பெரியவர்கள் நாங்கள் விடும் பிழை எதுவாக இருந்தாலும், அது கடைசியில் பிள்ளையின் நேரத்திலிருந்துதான் கழிகிறது. அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு வேலையையும் அந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். பரீட்சைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே எண்ணத் தொடங்குங்கள். வகுப்பில் 38 பேர் என்றால் 38 தாள் என்று எழுதி அனுப்பிவிட்டால் சிக்கல்தான். எங்கள் மாதிரிக் கொழும்புப் பாடசாலைகளில் ஒரே வகுப்பில் சைவநெறி எழுதும் பிள்ளை, கத்தோலிக்கம் எழுதும் பிள்ளை, கிறிஸ்தவம் எழுதும் பிள்ளை, இஸ்லாம் எழுதும் பிள்ளை எல்லோரும் இருப்பார்கள். சமயப் பாடத்தன்று ஒரே மண்டபத்தில் ஒரே நேரத்தில் நாலு வகைத் தாள் ஓடும். தரம் 10, 11 என்றால் பிள்ளைகள் தாங்களே தெரிவு செய்யும் மூன்று தொகுதிப் பாடங்களும் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். இருமொழிக் கற்கை உள்ள இடத்தில் சில பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் வேண்டும். ஆகவே இடாப்பை வைத்து எண்ணாதீர்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே பாடத்தையும் மொழி மூலத்தையும் எழுதி, பிள்ளையிடமே ஒப்பம் வாங்கச் சொல்லுங்கள். நடுவில் பாடம் மாறிய பிள்ளை ஒன்றாவது அப்போது வெளிப்படும். எனக்கு ஒவ்வொரு வருடமும் வெளிப்பட்டிருக்கிறது.

நேரசூசி போடும்போது வெள்ளிக்கிழமையைக் கவனியுங்கள். ஜும்மாவுக்குப் போகிற பிள்ளைகள் இருக்கும் பாடசாலையில் அன்றைக்கு நீண்ட தாள் போடக்கூடாது. மூன்று மணித்தியாலம் எடுக்கும் கணிதம் இரண்டாம் வினாத்தாளை வெள்ளியில் வைத்தால், கடைசி அரை மணித்தியாலம் அந்தப் பிள்ளைகளின் கண் மணிக்கூட்டில்தான் இருக்கும். மாகாணமே திகதி போட்டுத் தந்தால் மாற்ற முடியாது. நாங்களே திகதி போடும் தரங்களுக்கு மாற்றலாம், மாற்றுங்கள்.

தாள் விடயத்தில் ஒன்று. 2022 மார்ச்சில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். படித்துவிட்டுக் காத்திருந்த பிள்ளைகளிடம் "எப்போது என்று தெரியாது" என்று சொல்ல வேண்டி வந்தது. அதிலிருந்து நான் முதலாந் தவணையிலேயே விடைத்தாளுக்கான கடதாசியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கிறேன். புறக்கோட்டை மலிபன் வீதியில் மொத்தமாக வாங்கினால் விலையிலும் வித்தியாசம் தெரியும். ஈரம் படாத அலுமாரியில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் ஈரம் ஏறிய தாளில் பேனை ஊறும்.

வினாத்தாள் இரண்டு வழியில் வரும். சில தரங்களுக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் தயாரித்து கல்வி வலயம் ஊடாக முத்திரையிட்டு அனுப்பும். மற்றத் தரங்களுக்கு நாங்களே தயாரித்து அச்சிடுகிறோம். நாங்கள் அச்சிடுவதை ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பாருங்கள். நூறு தாளில் பத்தைப் பார்த்து விட்டுவிடுகிற பழக்கம் வேண்டாம். மேலே சொன்ன அந்த நாலு தாளும் எண்பது தாள் கட்டுக்குள் இருந்து வந்தவைதான். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு தரத்துக்கான தாளை ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம்.

முத்திரையிட்ட கட்டை மட்டும் குறித்த நேரத்துக்கு முன்னர் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்கக்கூடாது. சரிபார்க்கத்தான் என்றாலும் கூடாது. கொழும்பு வலயத்தில் ஒரு பாடசாலையில் எட்டு மணிக்குத் தொடங்கும் தாள் ஹோமாகமவிலும் பிலியந்தலையிலும் அதே எட்டு மணிக்குத்தான் தொடங்குகிறது. எங்கள் பிள்ளைகளும் பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே டியூஷன் வகுப்பில் இருப்பவர்கள். கட்டை முந்தி அவிழ்த்தால் ஒரு படம் போனில் எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கே தெரியும். 2024 செப்டெம்பர் 15இல் நடந்த தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துப் பாருங்கள். மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் அந்த மூன்றுக்கும் எல்லோருக்கும் புள்ளி கொடுக்க வேண்டியதாயிற்று. அதுவரை பெறுபேறு வராமல் பத்து வயதுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். தேசியப் பரீட்சைகளுக்கு 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் இருக்கிறது. தவணைப் பரீட்சையில் நாங்கள் பழகும் ஒழுங்குதான் பாதுகாப்பு. அலுமாரித் திறப்பு ஒருவரிடம், கட்டு வந்த நாளும் நேரமும் எழுதிய பதிவு இன்னொருவரிடம் இருக்கட்டும். பிரிக்கும்போது இரண்டு பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டு, முத்திரை உடையாமல் இருப்பதைக் காட்டி, உறையிலேயே ஒப்பம் வாங்குங்கள். பிள்ளைகளுக்கு அதில் ஒரு பெருமை உண்டு, நம்பிக்கையும் வரும்.

மண்டபம். முதல் நாள் பின்னேரமே மேசை கதிரை போட்டுவிட வேண்டும். ஆடும் மேசைக்கு அடியில் கடதாசி மடித்து வைப்பதைக் காலையில் பிள்ளை செய்யக்கூடாது. முதல் வரிசையில் சுட்டெண் முன்னிருந்து பின்னாகப் போகட்டும், அடுத்த வரிசையில் பின்னிருந்து முன்னாக வரட்டும். விடைத்தாள் சேர்க்கும்போது ஒரே நடையில் ஒழுங்காக வந்துவிடும். இடம் போதாவிட்டால் தரம் 9ஐயும் 10ஐயும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை இருத்துங்கள். பக்கத்தில் பார்த்தாலும் பயனிருக்காது. அப்படி இருத்தினால் தாள் மாறிப் போகாமலிருக்க மேசை மூலையில் வெண்கட்டியால் தரத்தை எழுதிவிடுங்கள். எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஓடுகிற சுவர் மணிக்கூடு வேண்டும், பற்றரி புதிதாக இருக்கட்டும். கண் குறைந்த பிள்ளை, காது குறைந்த பிள்ளை யார் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு முன் வரிசையில் இடம் வையுங்கள். சுட்டெண் ஒழுங்கு அதனால் குலைந்தால் குலையட்டும்.

இனி எனக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தாள் கொடுத்த பிறகு வரும் முதல் பத்து நிமிடம்.

பெரும்பாலான மண்டபங்களில் தாளைக் கொடுத்தவுடன் "தொடங்குங்க" என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லாதீர்கள். நான் செய்வது இது. தாளைக் குப்புற வைக்கிறேன். எல்லோருக்கும் கிடைத்த பிறகு திருப்பச் சொல்கிறேன். "பேனைய கீழ வைங்க. மேல பாடத்தின்ட பேரையும் தரத்தையும் வாசிங்க. உங்க பாடந்தானா? இப்ப பக்கத்த எண்ணுவம்." ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் சத்தமாகச் சொல்ல, பிள்ளைகள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வினாவின் இலக்கத்தை நான் வாசிக்கிறேன். "நாலாம் பக்கத்தில கடைசி வினா இருபத்தஞ்சு. உங்களுக்கும் அதுவா? இல்லாதவங்க கைய தூக்குங்க." வெறும் பக்கமோ இரட்டைப் பக்கமோ மங்கிய பக்கமோ இருந்தால் அங்கேயே பிடிபடும். பயந்த சுபாவமுள்ள பிள்ளைகூட இதில் கை தூக்கும், ஏனென்றால் நாங்கள்தான் கேட்கிறோம். இது முழுவதற்கும் மூன்று நிமிடம் போதும். இதை வாசிப்பு நேரத்தில் சேர்க்கக்கூடாது. தாள் கொடுப்பதை ஐந்து நிமிடம் முந்தித் தொடங்குங்கள்.

அப்புறம் வாசிப்பு நேரம். இரண்டாம் வினாத்தாளின் தலைப்பில் மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடங்கள் என்று அச்சிட்டே இருக்கும். வினாக்களைத் தெரிவு செய்யவும் எதை முதலில் எழுதுவது என்று ஒழுங்குபடுத்தவும் கொடுத்த நேரம் அது. எத்தனையோ மண்டபங்களில் இந்தப் பத்து நிமிடத்தில்தான் வரவு ஒப்பம் வாங்குகிறார்கள், சுட்டெண் சரிபார்க்கிறார்கள், அறிவித்தல் வாசிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒப்பம் வாங்கும் வேலையை எழுதத் தொடங்கி அரை மணித்தியாலம் கழித்து, மேசை மேசையாகப் போய், பிள்ளை ஒரு விடை முடித்து நிமிரும்போது செய்யலாம். வாசிப்பு நேரத்தில் நான் அசையாமல் ஒரு மூலையில் நிற்பேன். அந்த நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். தெரிந்த கேள்வியைக் கண்ட பிள்ளையின் உதடு மெல்ல அசையும்.

தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். ஐந்து நிமிடம் பிந்தித் தொடங்கியிருந்தால் முடிவையும் ஐந்து நிமிடம் தள்ளி எழுதுங்கள். பெற்றோர் வாசலில் நிற்கிறார்கள், வான் காத்திருக்கிறது என்று அந்த ஐந்தை விழுங்கக்கூடாது.

மேற்பார்வைக்கு நிற்பவர் புத்தகம் திருத்தக்கூடாது, போன் பார்க்கக்கூடாது. இன்னொரு ஆசிரியரோடு கதவடியில் குசுகுசுப்பது பிள்ளைகளுக்கு நன்றாகக் கேட்கும். சப்பாத்துச் சத்தமும் கேட்கும். பிள்ளை கை தூக்கினால் நீங்கள் போங்கள், அவளை எழுப்பாதீர்கள். வினாவின் பொருளைக் கேட்டால் விளக்கக்கூடாது. ஒரு பிள்ளைக்குச் சொன்னது மற்ற மண்டபத்துப் பிள்ளைக்குக் கிடைக்காது. அச்சுப் பிழை என்று உறுதியாகத் தெரிந்தால் பொறுப்பாசிரியருக்கு அறிவித்து, எல்லா மண்டபத்திலும் ஒரே வசனமாகச் சொல்லிவிட வேண்டும்.

பார்த்து எழுதும் பிள்ளையைப் பிடித்தால் சத்தம் போடாதீர்கள். கிட்டப் போய்த் துண்டை எடுங்கள். எழுதிய தாளில் நேரத்தைக் குறித்து வாங்கிக்கொண்டு புதிய தாள் கொடுத்து எழுத விடுங்கள். விசாரணை பிறகு, அதிபர் அறையில். நடு மண்டபத்தில் ஒருவரை ஏசினால் மற்ற முப்பது பேரின் கையும் நின்றுவிடும்.

பிந்தி வரும் பிள்ளையை உள்ளே விடுங்கள். மட்டக்குளியிலிருந்தும் முகத்துவாரத்திலிருந்தும் வருகிற பிள்ளை, துறைமுகக் கொண்டெய்னர் லொறிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் மாட்டிக்கொண்டது அவளுடைய குற்றமில்லை. தேசியப் பரீட்சையில் இந்தத் தயவு எப்போதும் கிடைக்காது என்பதையும் பரீட்சை முடிந்தபின் அன்பாகச் சொல்லி வையுங்கள். எழுதி முடித்தவர்களை முதல் அரை மணித்தியாலத்துக்குள் வெளியே விடாதீர்கள்.

பல்தேர்வு விடைத்தாளில் ஒன்று கவனிக்க வேண்டும். ஒரு வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் புள்ளடி போடும்போது பிள்ளைகள் வரிசை தவறிவிடுகிறார்கள். பதினைந்தாம் நிமிடத்தில் ஒருதரம், "வினா இலக்கமும் விடை இலக்கமும் ஒண்டா எண்டு பாருங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வேன். நாற்பதுக்கு முப்பத்தைந்து எடுக்க வேண்டிய பிள்ளை ஒன்பது எடுத்ததைத் திருத்தும்போது பார்த்திருக்கிறேன்.

முடிவில், விடைத்தாள்களை நூலால் கட்டப் பிள்ளைகளுக்கு நேரம் கொடுங்கள். தாளை வாங்கியதும் யாரையும் எழும்ப விடாமல் எண்ணுங்கள். வந்தவர் எண்ணிக்கையும் கட்டின் எண்ணிக்கையும் சரியாக வந்த பிறகுதான் கதவு திறக்க வேண்டும். வராதவரின் சுட்டெண்ணை உறையின் மேலேயே எழுதுங்கள்.

திருத்துவதைப் பற்றிச் சுருக்கமாக. புள்ளித் திட்டத்தை எல்லோரும் ஒன்றாக இருந்து வாசித்த பிறகே சிவப்புப் பேனையை எடுங்கள். கூட்டுத்தொகையை இன்னொருவர் கூட்டட்டும். 34 எடுத்த தாளையும் 74 எடுத்த தாளையும் தனியாக எடுத்து மறுபடி பாருங்கள். 35க்குக் கீழே டபிள்யூ, அதாவது சித்தியில்லை; 75உம் அதற்கு மேலும் ஏ. ஒரு புள்ளிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளைகள் அவர்கள்.

விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒரு பாடவேளை முழுவதையும் ஒதுக்குங்கள். புள்ளியில் சந்தேகம் இருந்தால் மேசைக்கு வரச் சொல்லுங்கள். போன வருடம் அப்படி வந்த ஒரு பையனுக்கு ஆறு புள்ளி கூடியது. நான்தான் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் விட்டிருந்தேன். அவனுக்கு முன்னாலேயே திருத்தி, ஒப்பமிட்டு, தேர்ச்சி அறிக்கையையும் புதிதாக எழுதிக் கொடுத்தேன்.