மாட்டுப் பண்ணை வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, களியக்காவிளைப் பக்கம் போத்துக்குட்டிகளை, அதாவது எருமைக் கடாக்குட்டிகளை, வாங்கி வந்து, சில மாதம் தீனி போட்டுத் தேற்றி விற்கிறவர்கள் உண்டு. பால் மாட்டுப் பண்ணைகளும் இருக்கின்றன. மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோனால் இங்கே வேலை கேட்டு வருகிறவர்கள் பலரும், வீட்டில் பசு வளர்த்த பழக்கம் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. வீட்டுப் பசுவுக்கு உங்களைத் தெரியும். லாரியில் நேற்று வந்திறங்கிய கடாவுக்குத் தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் சோம்பலால் கெடுப்பது குறைவு. இரக்கத்தாலும், முதலாளியிடம் நல்ல பேர் வாங்கும் அவசரத்தாலும் கெடுப்பதுதான் அதிகம்.

தீனியையே எடுத்துக்கொள்வோம். ஒட்டிய வயிற்றோடு வந்த குட்டியைப் பார்த்ததும் பாவம் என்று மாவும் தவிடும் வாரிக் கொட்டுவார்கள். வைக்கோலும் புல்லும் தின்று பழகிய வயிற்றில் திடீரென்று மாவுச்சத்து குவிந்தால் அது புளித்து அமிலமாகிவிடும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், புளித்த நாற்றத்தோடு கழியும், அப்புறம் படுத்துவிடும், உயிரே போகலாம். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, பாயசம், சீசனில் வீணாகப் போகும் சக்கைப்பழம் (பலாப்பழம்) எல்லாம் இதே வேலையைச் செய்யும். வந்த அன்றைக்குத் தண்ணீர், வைக்கோல், புல் போதும். மாவு, தவிடு போன்ற அடர்தீவனத்தைக் கொஞ்சமாகத் தொடங்கி, முழு அளவுக்கு வர இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை புதிய உருப்படிகளைத் தனியாகக் கட்டுவதும் நல்லது. வாயிலும் குளம்பிலும் புண் வரும் கோமாரி நோய், வாயும் மூக்கும் உரசித்தான் பரவும் என்றில்லை. உங்கள் செருப்பிலும் உடுத்திய சாரத்திலும் (லுங்கியிலும்) ஏறிக்கூட அடுத்த தொழுவத்துக்குப் போகும். அதனால் பழைய மாடுகளைக் கவனித்து முடித்த பிறகு புதியவற்றிடம் போங்கள்.

நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு ஆபத்து மரச்சீனி, அதாவது மரவள்ளி. கிழங்கு பிடுங்கிய இடத்தில் தொலியும் இலையும் சும்மா கிடக்கின்றனவே என்று பச்சையாக அள்ளிப் போடுவதைப் போல மோசமான சிக்கனம் கிடையாது. அதிலுள்ள லினமரின் என்ற பொருள் வயிற்றுக்குள் போனதும் சயனைடு நஞ்சை வெளிவிடுகிறது. ரப்பர் இலையிலும் இதுவே இருக்கிறது. காற்றில் ஒடிந்து விழுந்த கொப்புக்குப் பக்கத்தில் மாட்டைக் கட்டாதீர்கள். நஞ்சு ஏறிய மாடு வேகமாக மூச்சிரைக்கும், தள்ளாடும், வாயின் உட்புறம் பளிச்சென்று சிவந்திருக்கும். அதிகம் தின்றிருந்தால் சில நிமிடங்களில்கூட விழுந்துவிடும். நஞ்சை முறிக்கும் மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். அதைக் கால்நடை மருத்துவர்தான் செய்ய முடியும். கைமருந்து தேடி ஓடாமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் போடுங்கள், அதே நேரத்தில் பக்கத்து கால்நடை மருந்தகத்துக்கும் ஆள் அனுப்புங்கள். தொலியைப் பொடியாக நறுக்கி வெயிலில் நன்றாகக் காயவைத்தால் நஞ்சு வெகுவாகக் குறையும். மழைக்காலத்தில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? அப்போது போடாமல் விட்டுவிடுங்கள்.

இடது பக்க வயிறு பறைபோல உப்பினால், தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றுவார்கள். அண்ணாந்த நிலையில் ஊற்றியது நுரையீரலுக்குப் போனால் உப்பிசம் வடிந்தாலும் மாடு பிழைப்பது கஷ்டம்.

இரக்கத்தால் வரும் வினைகளில் நான் மிகவும் பயப்படுவது வேறொன்று. மாடு எச்சில் ஒழுக நிற்கிறது, விழுங்க முடியவில்லை, குரல் கரகரத்துப்போய்க் கத்துகிறது. தொண்டையில் மாங்கொட்டை அடைத்திருக்கும் என்று கையை உள்ளே விடுகிறார்கள். அது வெறிநாய் கடித்த மாடாக இருக்கலாம். கையில் புல் அறுத்த கீறல் ஒன்று போதும், எச்சில் வழியாக நோய் ஏறிவிடும். ஏற்கனவே கையை விட்டிருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். வெறிநாய்க்கடி ஊசியை முதல் நாளும், அதிலிருந்து எண்ணி 3, 7, 28-ஆம் நாட்களிலும் போடுவார்கள். மாடு செத்ததா பிழைத்ததா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்பது உயிரோடு விளையாடுவது. நோய் வெளிப்பட்டபின் காப்பாற்ற மருந்து இல்லை.

கன்று போட்ட பசுவின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுப்பதும் அப்படித்தான். பசுவுக்குக் கரு கலையச் செய்யும் கன்று வீச்சு நோய் மனிதருக்கும் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் படுத்தும். கோமியத்திலும் சகதியிலும் வெடித்த குதிங்காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். கடா மிரண்டு இழுத்தால் விரல் போய்விடும், அல்லது நீங்களும் கூடவே இழுபடுவீர்கள். மாட்டுக்கு நேர் பின்னால் பார்வை கிடையாது. குரல் கொடுத்தபடி தோள் பக்கமாக அணுகுங்கள். புல் வெட்டும் மெஷின் பக்கம் தோளில் தோர்த்தோடு (துண்டோடு) போகாதீர்கள். அடைத்துக்கொண்ட புல்லை எடுக்கும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, சக்கரம் முழுவதும் நிற்க வேண்டும்.

சாண எரிவாயுக் குழிக்குள், மூடிய சாணக் குழிக்குள் யார் சொன்னாலும் இறங்காதீர்கள். கலக்கும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டதே என்று இறங்குகிறவர் விழுவார், தூக்கப் போகிறவர் அவர் மேலேயே விழுவார். வெளியே நின்று தீயணைப்புத் துறையின் 101-ஐக் கூப்பிடுங்கள்.

சம்பளத்தை முதல் நாளே பேசுங்கள். விடியற்காலை நாலு மணிக் கறவை, ராத்திரிக் காவல், வார லீவு, அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்பது உட்பட. முன்பணம் வாங்கினால் எவ்வளவு, எப்படிக் கழிப்பார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.