கடலூர் காத்து வருஷா வருஷம் எப்படி மாறுதுன்னு நாமளே கணக்குப் போட்டு பாக்கலாம், இப்படி

காத்து தரம் காட்டுற ஆப் தொறந்தா கடலூர் பச்சையா, நல்லா இருக்குன்னு தான் காட்டுது, அப்புறம் என்னப்பா உனக்குப் பிரச்சனைன்னு எங்க பெரியப்பா கேட்டாரு. அத்தை வீடு சிப்காட் தொழிற்பேட்டை பக்கம், அங்க ஒரு நாள் தங்குனப்போ நைட்டு ரெண்டு மணிக்கு நாத்தம் வந்ததும் அத்தை எழுந்து ஒவ்வொரு ஜன்னலா சாத்திட்டு கதவு இடுக்குல ஈரத் துண்ட திணிச்சாங்க, லைட் கூட போடல, கை தானா போகுது, அவ்ளோ பழகிப்போச்சு. அந்த ராத்திரியும் காலையில ஆப் பச்சை தான். அதுல இருந்து தான் நான் டேட்டாவ தோண்ட ஆரம்பிச்சேன், எனக்குப் புரிஞ்சத இங்க போடுறேன்.

முதல்ல ஆப் காட்டுற ஏ.க்யூ.ஐ (காத்து தரக் குறியீடு) நம்பர மறந்துடுங்க. அது இன்னிக்கு வெளிய போலாமா வேணாமான்னு பாக்க தான், பல வருஷத்த ஒப்பிட அது ஆகாது. அளக்குற மாசுல எது மோசமோ அத மட்டும் எடுத்து ஒரு நம்பரா குடுக்கும், நேத்து தூசி இன்னிக்கு ஓசோன்னு ஆளு மாறிட்டே இருக்கும். இன்னொன்னு, பி.எம். 2.5ங்கற ரொம்பப் பொடித் தூசி ஒரு நாள் ஒரு கன மீட்டர் காத்துல 45 மைக்ரோகிராம் இருந்தா ஏ.க்யூ.ஐ 75 தான் வரும், 'திருப்தி'ன்னு பச்சையில போயிடும். ஆனா அதே 45 வருஷம் பூரா இருந்தா நம்ம நாட்டோட வருஷ அளவான 40-அயே தாண்டிடுச்சு, உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன 5-க்கு ஒன்பது மடங்கு. அதனால எப்பவும் மைக்ரோகிராம்ல இருக்கற நம்பர மட்டும் எடுங்க.

டேட்டா எங்க கிடைக்கும்னா, ரெண்டு வகை இருக்கு. பழசு, ஆள் போய் ஃபில்டர் மாத்தி எடுக்கறது, நம்ம ஊருக்கு ஈச்சங்காடு, சிப்காட் வளாகம், இம்பீரியல் ரோடு மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் ஆபீஸ்னு மூணு இடம். மத்திய அரசோட ஓபன் டேட்டா சைட்ல தமிழ்நாடுன்னு தேடுனா வருஷ வாரியா ஃபைல் வரும். 2014 ஃபைல தொறந்து பாருங்க, தேதி, இடம், சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, பி.எம். 10 (கொஞ்சம் பெரிய தூசி) எல்லாம் இருக்கும், பி.எம். 2.5 கட்டம் மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் 'இல்லை'ன்னே இருக்கும். நுரையீரலுக்குள்ள ஆழமா போறது அந்தப் பொடித் தூசி தான், அதுக்கு அந்த வருஷம் நம்ம கிட்ட கணக்கே இல்லன்னு பாத்தப்போ எனக்கு மனசு கனத்துப் போச்சு. புதுசு, தானா ஓடுற மெஷின், செம்மண்டலத்துலயும் குடிகாட்டுலயும் இருக்கு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய சைட்ல தேதி குடுத்து இறக்கிக்கலாம். நாள் சராசரி ஒரு ஃபைல், மணி வாரியா ஒரு ஃபைல், ரெண்டையும் எடுத்து வச்சிக்கோங்க, மணிக்கணக்கு பின்னாடி தேவைப்படும்.

இந்த ரெண்டு வகையையும் ஒரே கோட்டுல ஒட்டாதீங்க. இடம் வேற, மெஷின் வேற. பழைய ஃபைல்ல ஆர்.எஸ்.பி.எம்னு இருந்தா அது பி.எம். 10 தான், சேத்துக்கலாம், ஆனா எஸ்.பி.எம்னு இருந்தா அது இன்னும் பெரிய தூசியும் சேந்தது, 2009 புது தர அளவு வந்தப்போ அத எடுத்துட்டாங்க, அத சேத்தா என்னமோ தூசி ஒரேயடியா குறைஞ்ச மாதிரி பொய்யா ஒரு இறக்கம் தெரியும்.

அடுத்து எக்செல்ல போட்டு முதல் வேலையா சராசரி போடாதீங்க, எத்தனை நாள் டேட்டா இருக்குன்னு எண்ணுங்க. நிறைய பேர் கோட்ட விடுறது இங்க தான். ஆள் எடுக்கறதுல வாரத்துக்கு ரெண்டு தடவன்னு வருஷத்துக்கு குறைஞ்சது 104 அளவு இருக்கணும்னு விதி. மெஷின் டேட்டாவுக்கு நான் மாசம் 20 நாளாவது இருந்தா தான் அந்த மாசத்த எடுத்துக்கறேன். ஏன்னு ஒரு கணக்கு பாருங்க, ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூணும் 50, மீதி ஒன்பது மாசம் 25ன்னு வச்சிக்கோங்க, வருஷ சராசரி 31 சொச்சம். ஜனவரி பிப்ரவரி மெஷின் ஓடலன்னா அதே வருஷம் 27.5ன்னு வந்துடும். காத்து ஒன்னும் சுத்தமாகல, மெஷின் நின்னுச்சு அவ்ளோ தான்.

அதே மாதிரி ஜனவரிய ஜனவரியோட தான் ஒப்பிடணும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நமக்கு மழை, தூசிய கழுவி விட்டுடும், நவம்பர பாத்துட்டு ஊர் நல்லாயிடுச்சுன்னு சொல்லக்கூடாது. ஜனவரில பனி, காத்து மேல எழும்பாம தரையோட படுத்துக்கும், போகிக்கு எரிக்கிற புகையும் அதுலயே நிக்கும். எல்லாம் போட்டு முடிச்சதும் கோட்டு மேல சம்பவங்கள குறிச்சு வைங்க. 2020 மார்ச் 25 ஊரடங்கு, அதே வருஷம் செப்டம்பர் கடைசியில நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட் மொத்தமா மூடுனது, அத ஒட்டியே 1000 மெகாவாட் புது நிலையம் 2019 டிசம்பர்ல ஒரு பாதி, 2021 பிப்ரவரில மறு பாதின்னு ஓட ஆரம்பிச்சது. 2020ல ஒரு இறக்கம் தெரிஞ்சா எதனாலன்னு பிரிக்கறது கஷ்டம், நான் அந்த வருஷத்த தனி கலர்ல போட்டுட்டு 2019 வரைக்கும் ஒரு கோடு 2021க்கு அப்புறம் ஒரு கோடுன்னு போட்டேன், அப்போ தான் தெளிவா இருந்துச்சு.

மெஷின் வர்றதுக்கு முன்னாடி காலம் வேணும்னா சேட்டிலைட் கணக்கு இருக்கு, சிகாகோ யுனிவர்சிட்டியோட ஏ.க்யூ.எல்.ஐ சைட்ல மாவட்ட வாரியா 1998ல இருந்து பி.எம். 2.5 பாக்கலாம். மாவட்டம் முழுக்க ஒரே சராசரி, ஈச்சங்காடும் விருத்தாசலமும் அதுல ஒன்னு தான், அதனால போக்கு பாக்க மட்டும் வச்சிக்கோங்க.

இப்போ அத்தை வீட்டு வாசனைக்கு வர்றேன், எனக்கு இது தான் முக்கியம். அழுகுன முட்டை நாத்தம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது நம்ம நாட்டு 12 மாசு லிஸ்ட்லயே கிடையாது. வருஷ சராசரி எவ்ளோ அழகா போட்டாலும் அந்த நைட்டு ரெண்டு மணி அதுல வராது. அதுக்கு ஒரே வழி நோட்டு தான். 2004லயே சிப்காட் கிராமத்து ஆளுங்க பக்கெட்டுக்குள்ள பை வச்சு காத்த புடிச்சு லேபுக்கு அனுப்பி, என்ன நாத்தம் எப்போ வந்துச்சுன்னு எழுதி வச்சாங்க, அவங்க போட்ட பாதை தான் இது. தேதி, மணி, என்ன மாதிரி நாத்தம் (முட்டை, அழுகுன கோஸ், நெயில் பாலிஷ்), எவ்ளோ நேரம், கண் எரிஞ்சுதா, காத்து எந்தப் பக்கம் இருந்து. காத்து திசைக்கு மொட்டை மாடி கம்பில ஒரு ரிப்பன் கட்டி விட்டா போதும். எந்த கம்பெனின்னு எழுதாதீங்க, நமக்குத் தெரிஞ்சத மட்டும் எழுதணும், நாத்தம் இல்லாத நாளையும் 'இல்லை'ன்னு எழுதணும், அப்போ தான் நோட்ட நம்புவாங்க. மாசக் கடைசியில அந்த மணிகள எடுத்து குடிகாட்டு மெஷினோட மணி வாரி ஃபைலுக்குப் பக்கத்துல வைங்க, அந்த நேரம் சல்பர் டை ஆக்சைடு ஏறுச்சா, இல்ல சரியா அந்த நேரம் டேட்டாவே காலியான்னு பாருங்க, காலியா இருந்தா அதையும் குறிங்க.

அத்தை இப்போ பழைய ஸ்கூல் நோட்டுல எழுதுறாங்க, துண்டு திணிச்சுட்டு டார்ச் அடிச்சு மணி பாத்து எழுதிட்டு தான் படுக்குறாங்க. மூணு மாசம் சேந்ததும் ஜெராக்ஸ் எடுத்து, கோட்டு படத்தையும் சேத்து பின் பண்ணி திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுக்கப் போறோம். நோட்டோட ஒரிஜினல குடுத்துடாதீங்க, மனு ரசீது நம்பர அதே நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வைங்க.